சுவரைக் கழுவுமுன்



அரியலூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடாவில் பாடுபட்டு அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு. வண்ணம் பூசி ஓராண்டு நிறையவில்லை. வீதியை நோக்கிய சுவர் சாம்பல் பூத்துவிட்டது; வடபுறச் சுவரோ மேலிருந்து கீழாகக் கறுத்து வழிந்து நிற்கிறது. நோன்புப் பெருநாளுக்குக் கணவர் ஊர் வருகிறாராம். "ஆசிட் ஊற்றித் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்கிறார் கொத்தனார். லாரி கழுவும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பீய்ச்சினால் போதும் என்கிறான் என் தம்பி. எதைச் செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு, மார்க்கச் சந்தேகம் கேட்க வேண்டிய இடத்தில் சுவரைப் பற்றிக் கேட்பதற்காக மன்னிப்பும் கோரியிருக்கிறார்.

மன்னிப்புக்கு அவசியமே இல்லை. நான் கலைப் பட்டம் பெற்றவன்; வேதியியல் கற்றவனல்லன். ஆனால் இருபது ஆண்டுகளாக ஷஅபான் மாதம் பிறந்தால், மதரஸாவின் சுவருக்கும் பள்ளிவாசலின் சுவருக்கும் பொறுப்பாளனாக நின்றவன். அதில் சிலவற்றைச் சரியாகச் செய்தேன். ஒன்றை மிகவும் தவறாகச் செய்தேன். அதனையும் இங்கு எழுதத்தான் போகிறேன்.

சகோதரியே, கொத்தனார் சொன்னதும் வேண்டாம். தம்பி சொன்னதும் வேண்டாம். முதலில் உங்கள் சுவரின்மீது படிந்திருப்பது எது என்று பாருங்கள். இரண்டு சுவரிலும் இருப்பது ஒரே அழுக்கன்று.

வீதிப்பக்கத்துச் சாம்பல், நம் மண்ணின் கதை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் ஒரு பகுதி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த பூமி. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். அதனை நம்பி 1979 இல் அரசின் சிமென்ட் ஆலை அரியலூரில் எழுந்தது. பின்னர் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று தனியார் ஆலைகளும் வந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவை சோறு போடுகின்றன. ஆலைப் புகைபோக்கிகளில் தூசியைப் பிடித்து நிறுத்தும் கருவிகள் உண்டு. எனினும் கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரத்தில் ஒரு நாள் முழுதும் நின்றவருக்கு, சட்டை எந்த நிறத்துக்கு மாறும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தூசியில் இரு வகை உண்டு. வெறும் சுண்ணாம்புக்கல் தூள், நீர் பட்டால் சேறாகும்; காய்ந்தால் மீண்டும் தூளாகும். சிமென்டுத் தூளோ நீர் பட்டால் இறுகிக் கல்லாகும். அதன் இயல்பே அதுதானே! மார்கழிப் பனி இரவில் நனைத்து, காலை வெயில் காய்த்து, மறுநாள் புதிய தூசி படிந்து, மீண்டும் பனி நனைத்து... இவ்வாறு ஏடு ஏடாகப் படிந்த பின் அது அழுக்காக இராது. மெல்லிய இன்னொரு பூச்சாகவே ஆகிவிடும். நம் பெண்கள் செய்கின்ற தவறு, தூசி கண்டவுடன் ஒரு வாளி நீரை வாரி இறைப்பதுதான். சாலையோரத்து வீட்டுக்காரர்கள் முதலில் உலர்ந்த சுவரை, உலர்ந்த தென்னந்துடைப்பத்தாலோ நீண்ட கழியில் கட்டிய மென்மையான தூரிகையாலோ மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசி உதிர்ந்த பிறகே தண்ணீர். மாதம் ஒருமுறை இப்படித் தட்டிவிட்டால், ஆண்டு முழுதும் ஆசிட்டைப் பற்றி நினைக்கவே வேண்டியிராது.

வடபுறத்துக் கறுப்பு வேறு. அது உயிருள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சையாக வழுக்கும் பாசி, கோடையில் காய்ந்து கறுத்துப்போகிறது. அதனுடன் பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. வெயில் குறைவாகப் படும் வடக்குச் சுவரிலும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் கீழும், சன்ஷேடின் ஓரங்களிலும் அது குடியிருப்பதற்குக் காரணம் நீர்தான். ஐயமிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் பஞ்சை நனைத்துக் கறுப்பின்மீது ஒற்றுங்கள். சில நிமிடங்களில் அவ்விடம் வெளுத்தால் அது பாசி அல்லது பூஞ்சணம். வெளுக்காவிடில் புகைக்கரியோ தூசியோதான்.

பாசியாயின், ஒரு வாளி நீருக்கு நூறு கிராம் அளவில் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, மேல் நீரை மட்டும் இறுத்துத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தூரிகையால் மெல்லத் தேய்த்து நல்ல நீரால் அலசுங்கள். வண்ணச் சுவராயின் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தடவிப் பார்ப்பது அறிவுடைமை; சில வண்ணங்கள் வெளிறும். சுவரோரத்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் முன்னதாக நிறைய நீர் ஊற்றி, மேலே சாக்கைப் போர்த்திவிடுங்கள். பள்ளிவாசலில் செய்வோர் உளூச் செய்யும் ஹவுளை முதலில் மூடிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஒருமுறை மறந்துபோய், ஹவுள் முழுவதையும் இறைத்துக் கொட்ட நேர்ந்தது. அந்த ஆண்டு கோடையில் எங்கள் ஊர்க் கிணறு இருந்த நிலையில், அது சிறிய இழப்பல்ல.

ஆனால் இவ்வளவும் செய்துவிட்டு, மாடியிலிருந்து வழியும் நீரை அப்படியே விட்டால் அடுத்த தை மாதத்தில் அதே கறுப்பு அதே இடத்தில் வந்து நிற்கும். மாடித் தண்ணீர் விழும் குழாய் சுவரைவிட்டு ஒரு முழமாவது வெளியே நீண்டிருக்கிறதா, சன்ஷேடின் அடிப்பக்க ஓரத்தில் நீர் உள்நோக்கி ஓடாமல் சொட்டிவிடுவதற்கான சிறு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை வண்ணத்தில் கொட்டுவதற்குமுன் இதில் செலவிடுங்கள்.

இனி ஆசிட். புதைபடிவம் தேடி அரியலூர்ச் சுரங்கங்களுக்கு வரும் கல்லூரி மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு சிறு குப்பி இருக்கும். கல்லின்மீது ஒரு சொட்டு விடுவார்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல் என்று அறிவார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைப்பதால் எழும் நுரை அது. கொத்தனார் கொண்டுவரும் ஆசிட்டும் அதே அமிலம்தான். அதைச் சுவரில் ஊற்றும்போது பொங்குவது அழுக்கு என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் பொங்குவது சுவர்! சிமென்டுப் பூச்சானாலும் சுண்ணாம்புப் பூச்சானாலும் அதன் தோல் கரைந்து, மணல் துருத்திக்கொண்டு நிற்கும். சொரசொரப்பான சுவரில் தூசியும் பாசியும் முன்னிலும் விரைவாகப் படியும். அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் ஆசிட் வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் போட்டும் போகவில்லையே என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றுவோர் இருக்கின்றனர். கழிவறை கழுவும்போதும் இது நடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில், முதல் உலகப்போரின்போது, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மீது திறந்துவிட்ட நச்சுக் காற்று அதே குளோரின்தான். போர்க்களத்து ஆயுதத்தை நம் வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தயாரிக்க வேண்டாம். தாய்மார்கள் இதனைப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு வரும் பெண்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

தம்பி சொன்ன இயந்திரத்துக்கு வருவோம். லாரியின் இரும்பிலிருந்து சேற்றை உரிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. வீட்டுக் குழாயின் அழுத்தத்தைப்போல் பல மடங்கு வேகத்தில் நீரைப் பீய்ச்சும். உறுதியான கான்கிரீட் தரைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் தூர நின்று பயன்படுத்தலாம். பழைய பூச்சின்மீது நெருக்கிப் பிடித்தால் பூச்சு பெயரும். விரிசல்களில் நீர் ஏறும். ஏறிய நீர் உள்ளே உப்பைக் கரைத்துக்கொண்டு சில வாரங்களில் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்புப் பூத்த சுவரை மீண்டும் நீரால் கழுவினால் உப்பு உள்ளே சென்று மறுபடியும் வெளியே வரும். அதையும் உலர்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும்.

இக்காலத்தில் சுவரே வேறாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று திரும்பிய பெரியவர் ஒருவர், அங்கே வீடுகளின் வெளிப்புறத்தைப் பிளாஸ்டிக் பலகைகளால் வரிவரியாகப் போர்த்தியிருக்கிறார்கள் என்று வியந்து சொன்னார். வினைல் பலகைகள் அவை. 1950களின் இறுதியில் அங்கு சந்தைக்கு வந்தவை. வண்ணம் பூச வேண்டியதில்லை. ஆனால் நிழற்பக்கத்தில் அவற்றிலும் பாசி படிகிறது. அவற்றைக் கழுவ அந்நாட்டார் பெரிதும் சொல்லும் முறை மிக எளியது: ஏழு பங்கு நீருக்கு மூன்று பங்கு வெள்ளை வினிகர், மென்மையான தூரிகை, பிறகு நல்ல தண்ணீர். கீழிருந்து மேலாகத் தேய்த்துச் செல்வார்கள். உலர்ந்த பலகைமீது அழுக்கு நீர் வழிந்து கோடு விழாதிருக்க அந்த ஏற்பாடு. அதே வினிகர் நம் சுண்ணாம்புச் சுவரில் பட்டால், அமிலமாதலால், மெல்ல அரிக்கும். ஒரு சுவருக்கு மருந்தானது இன்னொரு சுவருக்கு நோய்.

நம் பகுதியில் வினைல் பலகை வீடுகளை நான் கண்டதில்லை. ஆனால் அதன் உறவினர் வந்துவிட்டார். பெரம்பலூர்க் கடைவீதியில் கடை முகப்புகளிலும், மருத்துவமனைகளிலும், திருமண மண்டபங்களிலும் பளபளக்கும் ஏ.சி.பி. தகடுகளைச் சொல்கிறேன். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அல்லது வேறொரு பொருள் வைத்து ஒட்டியவை அவை. அவற்றுக்கு ஆசிட், தின்னர், இரும்பு நார் மூன்றும் ஆகா. பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்ட நீர், மென்மையான துணி, பின்பு நல்ல நீர், இவ்வளவே. வெயில் காய்கின்ற வேளையில் கழுவினால் சோப்புநீர் அலசுமுன்னே உலர்ந்து திட்டுத்திட்டாகிவிடும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும் அப்படித்தான். உலரவிடாமல் துணியால் துடைத்துவிட வேண்டும். 2017 ஜூனில் இலண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 உயிர்களைக் கொண்ட தீ, சுவரின்மேல் போர்த்திய இத்தகைய தகடுகளின் வழியாகத்தான் மேலேறியது. அது ரமளான் இரவு. நோன்பு வைக்க விழித்திருந்த முஸ்லிம் குடும்பத்தார் சிலர் அண்டை வீட்டாரைத் தட்டி எழுப்பினர் என்று அப்போது செய்திகள் வந்தன. நடுவில் எரியாத பொருள் வைத்த தகடுதானா என்று, கழுவுவதற்கு முன்னரல்ல, வாங்குவதற்கு முன்னரே கேளுங்கள்.

நாம் வீட்டைக் கழுவுவது இருக்கட்டும். ஆயிரம் ஆண்டுக் கட்டடத்தை எப்படிக் கழுவுவது? அதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயில், 2004 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடங்களில், கல்லில் படிந்த பாசியை அகற்ற அத்துறையின் வேதியியலார் கையாளும் பொதுவான முறை, அம்மோனியா சிறிதளவு கலந்த நீரும், மென்மையான சோப்புக் கரைசலும், நைலான் தூரிகையும், பின்னர் நிறையத் தண்ணீரும்தான். மெதுவான வேலை. (அம்மோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும், வீட்டில் முயல வேண்டாம்.) இதற்கு மாறாகத் தமிழகத்தின் வேறு பல கோயில்களில், குடமுழுக்கு நெருங்கிய அவசரத்தில், காற்றழுத்தத்தால் மணலை வாரியடித்துச் சுவரைச் சுரண்டினர். அழுக்குடன் கல்வெட்டெழுத்தின் கூர்மையும் சிற்பத்தின் விரல்களும் போயின. அம்மணல் தூசியைச் சுவாசித்த தொழிலாளியின் நுரையீரலும் கெடும். பின்னர் அது தடைசெய்யப்பட்டது.

தாஜ்மகாலின் கதையும் நம் வீட்டாருக்குத் தெரிய வேண்டியதே. காற்று மாசால் அதன் சலவைக்கல் மஞ்சளாகியது. 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அதைச் சுற்றியிருந்த பகுதியின் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மஞ்சளை எடுக்கத் தொல்லியல் துறையார் கையாண்டது என்ன தெரியுமா? நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி! நீரில் குழைத்து மெல்லிய பற்றாகப் பூசி, இரவு முழுதும் விட்டு, காய்ந்ததும் மென்மையான தூரிகையால் உதிர்த்து, தூய நீரால் கழுவினர். களிமண் தானே அழுக்கை உறிஞ்சி எடுத்துக்கொண்டது. 1994 இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனைச் செய்து வந்திருக்கின்றனர்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கூடம் சுண்ணாம்புக் காரையால் ஆனது. சென்ற ஆண்டு இளைஞர்கள் அதற்குப் பளபளப்பான எமல்ஷன் பூச விரும்பினர். நான் தடுத்தேன். அத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் தோல் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகும். கொப்புளத்தோடு காரையும் பெயரும். நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, வேலம் பிசினும் சிறிது நீலமும் கலந்து மூன்று கை அடித்தோம். சுண்ணாம்பின் காரம் பாசியைத் தானே கொல்லும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று நாளடைவில் மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது. பூமிக்கடியில் கிடந்தது சூளைக்குப் போய், சுவரில் ஏறி, மீண்டும் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதனை மாணவர்களுக்குச் சொன்னபோது அவர்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அடிப்பவர் கண்ணாடி அணியட்டும்; தெறித்துவிட்டால் நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லட்டும்.

இப்போது நான் செய்த தவறு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஷஅபான் இறுதி. பிறைக்கு மூன்று நாள் இருந்தது. மினாராவில் பாசி கறுத்திருந்தது. வெள்ளையடிக்கும் இளைஞர் ஒருவர், "மூங்கில் சாரம் கட்ட ஒரு நாள் பிடிக்கும் ஹஜ்ரத்" என்றார். நேரமில்லை, இரும்பு ஏணியிலேயே செய்துவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான். ஏணியை இடம் மாற்றும்போது அதன் தலை தெருவின் மின்கம்பியில் பட்டது. தூக்கி எறியப்பட்டார். இறைவன் உயிரைக் காத்தான். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. மருத்துவச் செலவை ஜமாஅத் ஏற்றது. விரல்களை யார் ஏற்பது? அந்த ரமளானில் வெள்ளை வெளேரென்றிருந்த மினாராவை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

துபாயின் புர்ஜ் கலீஃபாவில் இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் உள்ளன. ஒருமுறை முழுவதையும் துடைக்க மூன்று மாதமளவு ஆகும். அதுபோன்ற கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பணியாற்றி ஊர் வந்த சகோதரர் ஒருவரிடம் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறாம். ஒன்று வேலைக்கு, மற்றொன்று முதலாவது அறுந்தால் பிடிப்பதற்கு. காற்று மிகுந்தால் வேலை நிறுத்தம். "இங்கே லுங்கியை மடித்துக்கட்டி ஏறுகிறோமே" என்று அவரே சிரித்தார். இரண்டாம் கயிற்றின் விலையை நம் பள்ளிவாசல் கணக்கிலும் வீட்டுக் கணக்கிலும் சேர்த்துவிடலாம். மின்கம்பி அருகிலிருந்தால், மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்க வேண்டும். ஏணி மூங்கிலோ மரமோ ஆகட்டும்.

அந்த இளைஞருக்கு இப்போது நடுவயது. கடைவீதியில் சிறு வண்ணக்கடை வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளையடிப்பு தொடங்கும் நாளன்று, யாரும் அழைக்காமலே காலையில் வந்துவிடுவார். சாரத்தின் கட்டுகளை எட்டுவரை ஏறி, எஞ்சிய விரல்களால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பிறகு தெருவுக்குப் போய் நின்று, மேலே கம்பி எவ்வழியாகப் போகிறது என்று நெடுநேரம் பார்ப்பார். அவர் தலையசைத்த பிறகுதான் நான் வாளியைத் தொடச் சொல்கிறேன்.